கோழிக்குக் கொடுத்த மருந்து நோயாளிக்குக் கேட்காமல் போவது எப்படி?

இறைச்சி, ஆன்டிபயாடிக் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து வந்தாலே முதலில் எழும் கேள்வி இதுதான்: "பிராய்லர் கோழி சாப்பிட்டால் அதற்குப் போட்ட மருந்து நம் உடம்பில் சேர்ந்துவிடுமா?" நியாயமான கேள்வி. ஆனால் இரண்டு வெவ்வேறு ஆபத்துகள் இதில் கலந்து கிடக்கின்றன. சிறியதைக் கண்டு பயந்துகொண்டு பெரியதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

சிறியது, மருந்தின் எச்சம். ஒரு விலங்குக்குக் கொடுத்த மருந்து அதன் தசையிலும் ஈரலிலும் பாலிலும் சில நாட்கள் தங்கியிருக்கும். மருந்தை நிறுத்திக் குறிப்பிட்ட நாட்கள் கழிந்த பிறகே அந்த விலங்கை இறைச்சிக்கு அனுப்பலாம், அதன் பாலை விற்கலாம். அந்த நாட்களைக் காத்திருக்காமல் விற்றால் எச்சம் நம் தட்டுக்கு வந்து சேரும். டெல்லியில் இயங்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் டெல்லியிலும் அதைச் சுற்றிலும் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது 40 சதவீத மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. இது கவலைக்குரியதுதான். ஆனாலும் எச்சத்தை ஆய்வகத்தில் அளக்க முடியும், அதற்குச் சட்டத்தில் வரம்பு உண்டு, காத்திருப்புக் காலத்தைக் கடைப்பிடித்தால் அது போய்விடும்.

பெரியது, அந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியா. இறைச்சியில் துளி மருந்துகூட மிச்சமில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்தக் கோழி உயிரோடு இருந்தபோது அதன் குடலில் மருந்துக்குச் சாகாத பாக்டீரியா பெருகியிருந்தால், அறுக்கும்போது அது இறைச்சியின் மேல் ஒட்டிக்கொண்டு கடைக்கு வரும். எச்சச் சோதனையில் தேறிய கோழி இந்தச் சோதனையிலும் தேறும் என்று சொல்ல முடியாது. மருந்து வெளியேறிவிடும், பாக்டீரியா உயிருள்ளது, பெருகும், இடம் மாறும்.

மாறுவது நம் உடம்பு அல்ல

"அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் உடம்புக்கு அது பழகிப்போய்விடும், பிறகு கேட்காது" என்று பலர் நினைக்கிறார்கள். ஆன்டிபயாடிக்குக்கு உடம்பு பழகுவதில்லை. மருந்தைத் தாங்கும் திறன் பாக்டீரியாவுக்குத்தான் வருகிறது. அதனால்தான் வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத ஒருவரையும் மருந்துக்கு அடங்காத கிருமி தாக்க முடியும். அது வேறொருவர் உடம்பிலோ ஒரு மாட்டின் மடியிலோ கோழியின் குடலிலோ அந்தத் திறனைப் பெற்றுவிட்டு வருகிறது.

எப்படிப் பெறுகிறது? ஈ.கோலை என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். மனிதர், கோழி, மாடு, பன்றி எல்லோருடைய குடலிலும் இது இயல்பாக வாழ்கிறது. பெரும்பாலான வகைகள் தீங்கற்றவை. சில வகைகள் வயிற்றுப்போக்கையும் சிறுநீர்த்தொற்றையும் இரத்தத்தொற்றையும் உண்டாக்கும். உணவும் வெப்பமும் தோதாக அமைந்தால் ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்று இரண்டாகும். அந்த வேகத்தில் ஒரே ஒரு பாக்டீரியா 10 மணி நேரத்தில் 100 கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் தன் மரபணுக்களை நகல் எடுக்கிறது. நகலில் எப்போதாவது பிழை நேர்கிறது. பெரும்பாலான பிழைகளால் பயனில்லை. கோடிக்கணக்கான பிழைகளில் ஏதோ ஒன்று, மருந்து வந்து பற்றும் இடத்தைக் கொஞ்சம் மாற்றிவிடும், அல்லது உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளும் பம்பை வலுவாக்கிவிடும். மருந்தையே உடைத்துப்போடும் நொதியை வைத்திருக்கும் பாக்டீரியாக்களும் உண்டு. பென்சிலினைப் பல கிருமிகள் அப்படித்தான் வீழ்த்துகின்றன.

மருந்து இல்லாத குடலில் இப்படிப்பட்ட பாக்டீரியாவுக்குத் தனிச்சலுகை எதுவும் இல்லை. கூட்டத்தில் ஒன்றாகக் கிடக்கும். மருந்து வந்ததும் மற்றவை சாகின்றன. காலியான இடமும் உணவும் இதற்குக் கிடைக்கின்றன. சில நாட்களில் கூட்டம் முழுவதும் இதன் வாரிசுகளாகிவிடும்.

இது இத்துடன் நின்றிருந்தால் கோழியின் பாக்டீரியா கோழியின் பிரச்சினையாக இருந்திருக்கும். நிற்பதில்லை. பாக்டீரியாவின் முதன்மையான மரபணுத் தொகுதிக்கு வெளியே பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளைய வடிவ டிஎன்ஏ துண்டுகள் மிதக்கின்றன. நல்ல சமையல் குறிப்பு ஒன்றைத் தாளில் எழுதி அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுப்பது போல, ஒரு பாக்டீரியா தன் பிளாஸ்மிட்டின் நகலைப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்குக் கொடுக்கும். அந்த இன்னொன்று வேறு இனமாகவும் இருக்கலாம். ஆக, தீங்கற்ற ஒரு கோழி ஈ.கோலை நம் குடலைக் கடந்து போகிற வழியில், நோய் தரக்கூடிய வேறொரு பாக்டீரியாவிடம் மருந்தை வெல்லும் வித்தையைக் கொடுத்துவிட்டுப் போக முடியும். நமக்குக் காய்ச்சல்கூட வந்திருக்காது. ஆறு மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காக மருத்துவமனையில் படுக்கும்போதுதான் அதன் விளைவு தெரியலாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக இருக்கலாம். பண்ணையில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டுமே கொடுத்தாலும் அதனோடு சேர்ந்து மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் பெருகும்.

தீவனத்துக்குள் மருந்து வந்த கதை

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இல் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்தார்: பாக்டீரியாவைக் கொல்லாத அளவுக்குக் குறைவாக மருந்து கொடுத்தால், மருந்தைத் தாங்கும் பாக்டீரியாவை நாமே வளர்த்துவிடுவோம் என்று. அந்த எச்சரிக்கை வந்து ஐந்தாண்டுக்குள், அவர் வேண்டாம் என்று சொன்னதையே ஒரு தொழில் முறையாக்கிவிட்டார்கள்.

அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1940களின் இறுதியில் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான வைட்டமின் பி12 கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் என்ற டெட்ராசைக்ளின் வகை மருந்தைத் தயாரித்த பிறகு மிஞ்சிய சக்கையைத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். குஞ்சுகள் வைட்டமினால் மட்டும் வளரக்கூடிய அளவைத் தாண்டி வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த கொஞ்சம் மருந்துதான் காரணம் என்று தெரிந்தது. 1950இல் செய்தி வெளியானதும் தீவன ஆலைகள் பிடித்துக்கொண்டன. நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும், சின்னச் சின்ன அளவில், பிறந்ததிலிருந்து அறுக்கும் வரை தினமும் ஆன்டிபயாடிக். இதற்கு வளர்ச்சியூக்கி என்று பெயர்.

இதன் விளைவை முதன்முதலில் துல்லியமாகக் காட்டியவர்களில் ஒருவர் பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி. அவருடைய ஆய்வு 1976இல் வெளியானது. பாஸ்டனுக்கு அருகே ஒரு குடும்பப் பண்ணையில் கோழிக்குஞ்சுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம், மற்றதற்குச் சாதாரணத் தீவனம். ஒரு வாரத்திற்குள் மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை டெட்ராசைக்ளினைத் தாங்கத் தொடங்கின. ஐந்தாறு மாதங்களில், பண்ணையில் வசித்தவர்களிடம் வாரந்தோறும் எடுத்த மல மாதிரிகளில் 31.3 சதவீதத்தில், குடல் பாக்டீரியாவில் 80 சதவீதத்துக்கு மேல் எதிர்ப்பு பெற்றவையாக இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்களின் மாதிரிகளில் இந்த அளவு 6.8 சதவீதம்தான். கோழி தின்ற மருந்தின் விளைவு, கோழியை வளர்த்தவர்களின் வயிற்றுக்குள் வந்துவிட்டது.

இந்த ஆய்வில் என்னை அதிகம் கவர்வது பின்பகுதி. அந்தத் தீவனத்தைப் பண்ணையிலிருந்து முழுவதும் அகற்றிய ஆறு மாதங்களுக்குள், சோதித்த 10 பேரில் 8 பேரிடம் அந்த எதிர்ப்புப் பாக்டீரியா காணப்படவில்லை. கொடுத்தால் வருகிறது, நிறுத்தினால் குறைகிறது. 1976இலேயே தெரிந்த இந்த உண்மையை உலகம் சட்டமாக்க எடுத்துக்கொண்ட காலத்தைப் பாருங்கள்: வளர்ச்சியூக்கியாக ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஸ்வீடன் 1986இல் தடைசெய்தது, ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் 2006இல் தடை வந்தது, மனித மருத்துவத்துக்கு முக்கியமான மருந்துகளை இப்படிப் பயன்படுத்துவதை அமெரிக்கா 2017இல்தான் முடிவுக்குக் கொண்டுவந்தது.

கடைசி மருந்தைத் தவிட்டில் கலந்தோம்

இந்த விஷயம் முழுவதையும் ஒரே மருந்தை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நான் கொலிஸ்டினைத்தான் சொல்வேன்.

ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்பட்ட பழைய மருந்து இது. 1950களின் இறுதியிலிருந்து மனிதர்களுக்குப் பயன்பட்டது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970களில் மருத்துவர்கள் இதை ஓரங்கட்டினார்கள். அதைவிடப் பாதுகாப்பான மருந்துகள் அப்போது நிறையவே இருந்தன. பிறகு அந்த நல்ல மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறெதற்கும் அடங்காத கிருமியோடு ஒருவர் கிடக்கும்போது, சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று தெரிந்தே மருத்துவர்கள் கொலிஸ்டினைத் திரும்ப எடுத்தார்கள். உயிருக்கும் சாவுக்கும் நடுவே மிஞ்சிய மருந்தாக அது மாறியது.

மருத்துவமனைகள் கையில் எடுக்காமல் வைத்திருந்த அந்தப் பத்தாண்டுகளிலும் கால்நடைத் தொழில் அதை விடவில்லை. மலிவு என்பதால் சீனா, இந்தியா உட்படப் பல நாடுகளில் கோழித் தீவனத்திலும் பன்றித் தீவனத்திலும் அது டன் கணக்கில் கலக்கப்பட்டது.

2013இல் ஷாங்காய் பகுதிப் பன்றி ஒன்றிலிருந்து எடுத்த ஈ.கோலையில் சீன விஞ்ஞானிகள் புதிய ஒன்றைப் பார்த்தார்கள். கொலிஸ்டின், நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு. பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் எதிர்மின்னூட்டத்தைப் பற்றிக்கொண்டு அதைக் கிழிக்கும். இந்த ஈ.கோலையில் இருந்த ஒரு மரபணு, வெளிச்சவ்வில் ஒரு சிறு வேதித்துண்டை ஒட்டி அந்த எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துவிட்டது. மருந்தால் பற்ற முடியவில்லை. இதற்கு எம்சிஆர்-1 என்று பெயரிட்டார்கள். கொலிஸ்டினைத் தாங்கும் பாக்டீரியா அதற்கு முன்பும் உண்டு. ஆனால் அவற்றின் எதிர்ப்பு சொந்த மரபணுத் தொகுதியில் நேர்ந்த மாற்றத்தால் வந்தது, பக்கத்து பாக்டீரியாவுக்குத் தாவாது. எம்சிஆர்-1 இருந்தது பிளாஸ்மிட்டில்.

2015 நவம்பரில் அந்த ஆய்வு வெளிவந்தபோது மருத்துவ உலகம் அதிர்ந்ததற்குக் காரணம் அதிலிருந்த எண்கள். 2011 முதல் 2014 வரை திரட்டியவற்றில், 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78இல், அதாவது 15 சதவீதத்தில், இந்த மரபணு இருந்தது. இறைச்சிக்காக வளர்க்கப்பட்ட 804 விலங்குகளில் 166இல், 21 சதவீதத்தில், இருந்தது. மருத்துவமனை நோயாளிகள் 1,322 பேரில் 16 பேரிடம், ஏறக்குறைய 1 சதவீதத்தில், இருந்தது. விலங்கில் அதிகம், இறைச்சியில் அதற்கடுத்து, மனிதரில் சிறிதளவு. எது எங்கிருந்து எங்கே பாய்கிறது என்பதை இந்த வரிசையே காட்டிவிடுகிறது. சில மாதங்களிலேயே பல கண்டங்களில், சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகளில்கூட எம்சிஆர்-1 தட்டுப்பட்டது.

சென்னைக்கும் இதில் இடம் உண்டு. பெருகிவரும் மருந்து எதிர்ப்பைத் தடுக்க இந்திய மருத்துவச் சங்கங்கள் 2012இல் சேர்ந்து வகுத்த திட்டத்துக்கே சென்னைப் பிரகடனம் என்றுதான் பெயர். அதை ஒருங்கிணைத்த தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கபூரும் சக ஆய்வாளர்களும் பின்னர் நம் ஊர் உணவுகளைச் சோதித்தார்கள். கோழி, ஆட்டிறைச்சி, மீன் மட்டுமல்ல, காய்கறிகளிலும் கொலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியா இருந்தது. காய்கறியில் எப்படி என்று கேட்கலாம். விலங்குக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் பெரும்பங்கு செரிக்காமலேயே கழிவோடு வெளியே வருகிறது. எதிர்ப்பு பெற்ற பாக்டீரியாவும் அதோடு வருகிறது. கோழி எருவாக வயலுக்கும், கழிவுநீராக ஆற்றுக்கும் போகிறது. சைவ உணவு உண்பவர்கள் இதை மற்றவர் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தருவதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. அதற்கு முன்பே, 2017 ஏப்ரல் இறுதியில், சீனா அதை வளர்ச்சியூக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்தியிருந்தது. நிறுத்தியதற்குப் பலன் இருந்ததா என்று அங்கே அளந்து பார்த்தார்கள். தீவனக் கலவைக்கான கொலிஸ்டின் உற்பத்தி 2015இல் 27,170 டன். 2018இல் 2,497 டன். பன்றிகளிடம் எடுத்த ஈ.கோலையில் கொலிஸ்டினைத் தாங்குபவை 34 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகின. எம்சிஆர்-1 உள்ள ஈ.கோலையைக் குடலில் சுமந்த மனிதர்களின் பங்கு 2016இல் 14.3 சதவீதமாக இருந்தது, 2019இல் 6.3 சதவீதமாகக் குறைந்தது. ஒரு பண்ணையில் லெவி கண்டதை ஒரு தேசமே மெய்ப்பித்துக் காட்டியது. இந்தப் பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இருட்டை மட்டும் காட்டிவிட்டுப் போகிறார்கள். மேலே உள்ள எண்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழு உண்மை.

பண்ணைக்காரரைத் திட்டிப் பயனில்லை

பல்லடம் பக்கம் கறிக்கோழி வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த விவசாயிகள். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் நிறுவனம் கொடுக்கும். கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக்கூலி கிடைக்கும். ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே கூரையின் கீழ், ஏறக்குறைய 40 நாளில் இரண்டு கிலோ எடைக்கு வர வேண்டும். ஒரு மூலையில் பத்துக் கோழி துவண்டு விழுந்தால் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட முடியாது. குடிநீர்த் தொட்டியில் மருந்தைக் கலக்கிறார்கள். நோயுள்ளதும் குடிக்கும், இல்லாததும் குடிக்கும். துவண்ட கோழி குறைவாகவும் நலமான கோழி அதிகமாகவும் குடிக்கும் என்பது இதிலுள்ள பெரிய கோளாறு.

கோழிக்கு அதிகம் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று என்ரோஃபுளோக்சசின். விலங்கின் உடலுக்குள் போனதும் இதில் ஒரு பகுதி சிப்ரோஃபுளோக்சசினாக மாறுகிறது. ஆம், சிறுநீர்த்தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருத்துவர் நமக்கு எழுதித் தரும் அதே மருந்து. அமெரிக்கா 1995இல் சிப்ரோவின் வகையைச் சேர்ந்த மருந்துகளைக் கோழிகளுக்கு அனுமதித்து, கேம்பைலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி அவற்றைத் தாங்கத் தொடங்கியதைப் பார்த்து, 2005இல் என்ரோஃபுளோக்சசினைக் கோழிப் பண்ணையிலிருந்து விலக்கியது.

மருந்தைக் குறைத்தால் கோழிகள் செத்துத் தொழில் படுத்துவிடும் என்ற வாதத்துக்கு நெதர்லாந்து பதில் சொல்லியிருக்கிறது. மருந்துகளை அதிகம் செலவழித்த நாடுகளில் ஒன்றான அது, 2009ஐ அடிப்படையாக வைத்து, 2013க்குள் கால்நடை ஆன்டிபயாடிக் விற்பனையைப் பாதியாக்கும் இலக்கை விதித்துக்கொண்டு அதைத் தாண்டியும் போனது. பண்ணைகள் மூடப்படவில்லை. ஒவ்வொரு பண்ணையும் எவ்வளவு மருந்து வாங்குகிறது என்று பதிவு செய்தார்கள், அதிகம் வாங்கும் பண்ணையையும் அதிகம் எழுதும் கால்நடை மருத்துவரையும் அடையாளம் கண்டு கேள்வி கேட்டார்கள். மீதியெல்லாம் தெரிந்த வழிகள்தான்: தடுப்பூசி, ஈரமில்லாத தரைவிரிப்பு, நல்ல காற்றோட்டம், ஒரு கூட்டம் போனதும் கொட்டகையைக் கழுவிக் காயவிட்டு அடுத்ததைக் கொண்டுவருதல். தமிழகப் பண்ணையாளர்களுக்கும் இவை புதிதல்ல. கொட்டகையைக் காயவிடும் நாட்களுக்கான கூலி யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி, அந்தக் கணக்கை நிறுவனம் ஏற்காதவரை விவசாயிக்கு மருந்துப் புட்டிதான் எளிய வழி.

சமையலறையில்

மருந்துக்கு அடங்காத பாக்டீரியா, நெருப்புக்கு அடங்கும். சூட்டைப் பொறுத்தவரை சாதாரண ஈ.கோலைக்கும் எம்சிஆர்-1 ஏந்திய ஈ.கோலைக்கும் வேறுபாடு கிடையாது. கோழியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும். கொதித்து வேகும் நம் குழம்பு அதைத் தாண்டிப் போகிறது. எனவே நன்றாக வெந்த கறியைத் தின்பதில் இந்தப் பாக்டீரியாவால் பயமில்லை.

ஆபத்து அடுப்புக்கு வருவதற்கு முன்னால் இருக்கிறது. பச்சைக் கோழியைக் குழாயின் கீழ் வேகமாகத் தண்ணீர் விட்டுக் கழுவும்போது நீர்த்துளிகள் தொட்டியைத் தாண்டிப் பக்கத்துத் தட்டு, டம்ளர், கொத்தமல்லிக் கட்டு எல்லாவற்றின் மேலும் தெறிக்கின்றன. கோழி வேகும், கொத்தமல்லி வேகாது. இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் ஒருமுறை தண்ணீரில் அலசிவிட்டு வெங்காயப் பச்சடிக்கு நறுக்குவதும் இதே தவறுதான். மஞ்சள் தடவி வைத்தால் கிருமி செத்துவிடும் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு சோப்பைத் தவிர்க்க வேண்டாம்; மஞ்சள் அந்த அளவுக்கு வேலை செய்யாது. கழுவியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி மெதுவாக அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இறைச்சிக்கென்று ஒரு பலகையும் கத்தியும் தனியே இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. குளிர்பெட்டியில் இறைச்சியைக் கீழ்த்தட்டில் வைத்தால் அதன் நீர் மற்ற உணவில் சொட்டாது.

இந்த அலட்சியத்துக்கு எவ்வளவு விலை என்பதற்கு ஓர் உதாரணம். 2013 மார்ச் முதல் 2014 ஜூலை வரை அமெரிக்காவில் ஒரே கோழி நிறுவனத்தின் இறைச்சி வழியாகச் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி பரவி, 29 மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் 634 பேர் நோயுற்றதாகப் பதிவானது. அந்தச் சால்மோனெல்லாவின் பல வகைகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கின. விவரம் கிடைத்தவர்களில் 38 சதவீதம் பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. சால்மோனெல்லா நோயில் வழக்கமாக இருப்பதைவிட இது மிக அதிகம்.

பாலில் கதை சற்று வேறு

பாலைப் பொறுத்தவரை நம் பழக்கமே பெரிய காவல். பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் வழக்கம் தமிழ் வீடுகளில் அரிது. பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டர் முறையில் சூடாக்கப்பட்டது. அதை வீட்டில் மறுபடியும் பொங்க வைக்கிறோம். எதிர்ப்பு பெற்ற பாக்டீரியா இருந்தாலும் அதில் பிழைக்காது. காய்ச்சாத பாலையும் அதில் செய்த பொருட்களையும் உடலுக்கு நல்லது என்று சிலர் இப்போது பரப்புகிறார்கள். அது இந்தக் காவலை நாமே உடைப்பது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

ஆனால் இங்கே நான் முதலில் சொன்ன சிறிய ஆபத்து, எச்சம், முன்னே வருகிறது. பல ஆன்டிபயாடிக்குகள் காய்ச்சினாலும் முழுவதும் அழிவதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்ததில் 77இல், அதாவது 1.2 சதவீதத்தில், ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. பண்ணைத் தொழிலின் அளவை நினைத்தால் மோசமான எண் அல்ல. ஆனாலும் பால் தினமும் குழந்தைகள் குடிப்பது. எச்சம் அதிகமுள்ள பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாக உறையாது. தயிரை உண்டாக்குவதும் பாக்டீரியாதான், மருந்து அதையும் விட்டுவைக்காது. (தயிர் உறையாததற்குக் குளிர், பழைய உறை என்று வேறு காரணங்களும் உண்டு, ஒருநாள் உறையவில்லை என்பதற்காகப் பால்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.)

பாலில் மருந்து வரும் வாசல் பெரும்பாலும் ஒன்றுதான்: மடிநோய். காம்பு வழியாகக் கிருமி ஏறி மடி வீங்கி, பால் திரிந்து நூல்நூலாக வரும் நோய். கறவை மாட்டுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்கப்படும் முக்கியக் காரணங்களில் ஒன்று இது. மருந்தைக் காம்புக்குள்ளேயே செலுத்துவார்கள். பிறகு சில நாட்களுக்கு அந்தப் பாலைக் கொட்ட வேண்டும். இரண்டு மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குச் சில நாள் பால் என்பது அந்த மாதத்து மளிகைக் காசு. சங்கத்தில் ஊற்றினால் மற்றவர்கள் பாலோடு கலந்து தெரியாமல் போய்விடும் என்ற எண்ணம் வருவது இந்த நெருக்கடியில்தான். மருந்துக்காலத்தில் கொட்டும் பாலுக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாடு கூட்டுறவுச் சங்கங்களில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தண்டனையைவிட அது நன்றாக வேலை செய்யும்.

அந்தப் பாலை வீணாக்க மனமில்லாமல் கன்றுக்கு ஊட்டுவதும் உண்டு. பல நாடுகளில் பெரிய பண்ணைகளிலேயே இது வழக்கம். கன்றின் வளரும் குடலுக்குள் குறைந்த அளவு மருந்து தினமும் போகிறது. பிளெமிங் எச்சரித்த அதே நிலை. இப்படி வளரும் கன்றுகளின் சாணத்தில் எதிர்ப்பு பெற்ற பாக்டீரியா கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

மடிநோயையே குறைப்பதுதான் நேர்வழி. கறப்பதற்கு முன்னும் பின்னும் காம்பைச் சுத்தம் செய்வது, கறந்த பிறகு அரை மணி நேரம் மாட்டைப் படுக்கவிடாமல் தீவனம் போட்டு நிற்க வைப்பது (காம்புத் துளை மூடுவதற்கு அந்த நேரம் தேவை), மடி வீங்குவதற்கு முன்பே நோயைக் காட்டிவிடும் எளிய பால் பரிசோதனையைச் செய்து பார்ப்பது. இவற்றோடு தமிழகக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல ஆண்டுகள் உழைத்துப் பரவலாக்கிய மரபுவழி வைத்தியமும் இருக்கிறது: சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசுவது. தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே ஆன்டிபயாடிக்கைக் குறைக்கும் வழியாக இதை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுசென்றிருக்கிறது. நோயின் தொடக்கத்தில் இதைச் செய்து பார்க்கலாம். மாட்டுக்குக் காய்ச்சல் ஏறி, தீவனம் எடுக்காமல், மடி கல்லாகிவிட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். பாலைச் சோதனைக்கு அனுப்பி எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கேட்கும் என்று பார்த்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும். அவர் சொல்லும் அளவில், சொல்லும் நாள்வரை முழுமையாகக் கொடுங்கள். மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் காத்திருப்பு நாட்களைத் தொழுவத்துச் சுவரில் கரியால் எழுதி வைத்துக்கொண்டால் கறப்பவர் யாராக இருந்தாலும் மறக்காது.